மூன்றாவது சப்பாத்து: தாரியோ ஃபோவின் நாடகமும் அதில் இல்லாத அராஜகவாதியும்

1

தமிழில் 'அராஜகம்' என்ற சொல் இரட்டை வாழ்க்கை வாழ்கிறது. ஊர்வலம் போனவர்கள் கடைக் கண்ணாடியை உடைத்தால் அது அராஜகம். ஊர்வலம் போனவர்களின் மண்டையைப் பொலிஸார் உடைத்தாலும் மறுநாள் பத்திரிகைத் தலைப்பு 'பொலிஸ் அராஜகம்' என்றுதான் வரும். அரசன் இல்லாத நிலை என்பதே இச்சொல்லின் மூலப்பொருள். ஆனால் அரசனின் ஆட்கள் பொல்லுகளோடு தெருவில் இறங்கி நிற்கும் நிலையைச் சொல்லவும் நாம் இதே சொல்லைத்தான் எடுக்கிறோம். இதனை வெறும் சொற்குழப்பமாக நான் பார்க்கவில்லை. ஒழுங்கைக் காக்க நியமிக்கப்பட்டவன் எவருக்கும் பதில் சொல்லத் தேவையற்றவனாக ஆகும் இடத்தில்தான் ஒழுங்கின்மை தொடங்குகிறது. அறிஞர்களின் மொழி சொல்லத் தயங்கும் இந்த உண்மையைச் சனங்களின் மொழி அறிந்தோ அறியாமலோ சொல்லிவிடுகிறது.

இச்சொல்லால் நட்டப்பட்டது ஓர் அரசியல் சிந்தனை. பிரான்ஸிய சிந்தனையாளர் புரூதோன் 1840 இல் தன்னை அராஜகவாதி என்று அழைத்துக்கொண்டபோது, தான் கலவரத்தை விரும்புபவன் என்று அறிவிக்கவில்லை. மேலிருந்து கட்டளையிடும் ஆட்சி இல்லாமலே மனிதர்கள் தமக்குள் ஒழுங்கை ஆக்கிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையையே அறிவித்தார். குரொபொத்கின் 1902 இல் வெளியிட்ட 'பரஸ்பர உதவி' என்ற நூல், உயிரினங்கள் போட்டியால் மட்டுமல்ல ஒத்துழைப்பாலும் வாழ்கின்றன என்பதை விலங்குகளிலிருந்து மத்தியகால நகரங்கள் வரை உதாரணம் காட்டி நிறுவ முயன்றது. இவற்றை வாசித்த ஒருவருக்கு 'அராஜகவாதி' என்றதும் குண்டு வைப்பவன் ஞாபகத்துக்கு வர நியாயமில்லை. ஆனாலும் அப்படித்தான் வருகிறது. 'அரசின்மைவாதி' என்ற சுத்தமான சொல்லை விடுத்து 'அராஜகவாதி' என்பதையே இங்கு நான் பயன்படுத்துவது, அந்தச் சொல்லின் மீது ஏற்றப்பட்ட சுமையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது என்பதனால்.

இத்தாலிய நாடகாசிரியரும் நடிகருமான தாரியோ ஃபோவின் 'ஓர் அராஜகவாதியின் தற்செயல் மரணம்' என்ற நாடகத்தை முன்வைத்து இதனைப் பேச விரும்புகிறேன். 1970 டிசெம்பரில் மேடையேறிய இந்நாடகம் உலகின் பல மொழிகளில் இன்றும் ஆற்றுகை செய்யப்படுகிறது. ஃபோவுக்கு 1997 இல் நோபல் பரிசு கிடைத்தது. 2016 இல் அவர் காலமானார். பொலிஸ் பொய்யைத் தோலுரித்த பிரதி என்று இந்நாடகம் பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டு சரியானது, ஆனால் போதாதது. தலைப்பில் இருக்கும் அராஜகவாதி நாடகத்துக்குள் எங்கே இருக்கிறான் என்ற கேள்வியைப் பாராட்டியவர்கள் அதிகம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியினூடாகவே இப்பிரதியின் பலத்தையும் பலவீனத்தையும் அளக்க முடியும் என்பது எனது வாதம்.

2

பிரதிக்குப் பின்னாலுள்ள சம்பவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1969 டிசெம்பர் 12ஆம் திகதி பிற்பகல் மிலான் நகரின் பியாட்சா ஃபொந்தானா சதுக்கத்தில் இருந்த விவசாய வங்கியில் குண்டு வெடித்தது. 17 பேர் கொல்லப்பட்டனர். எண்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே நாளில் ரோமிலும் குண்டுகள் வெடித்தன. தொழிற்சாலைகள் வேலைநிறுத்தங்களால் கொந்தளித்துக்கொண்டிருந்த 'சூடான இலையுதிர்காலம்' என்று அழைக்கப்பட்ட பருவம் அது. குண்டு வெடித்த சில மணி நேரத்திலேயே பொலிஸார் தேடிப் போனது அராஜகவாதிகளைத்தான்.

அவர்களில் ஒருவர் ஜியுசெப்பே பினெல்லி. புகையிரதத் தொழிலாளி. வயது 41. இரண்டு பெண் பிள்ளைகளின் தந்தை. கைதாகும் அன்று பொலிஸ் வாகனத்துக்குப் பின்னால் தனது மோட்டார் சைக்கிளிலேயே பொலிஸ் தலைமையகத்துக்குப் போனவர். சட்டம் அனுமதித்த 48 மணி நேரத்தைக் கடந்தும் அவர் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். டிசெம்பர் 15ஆம் திகதி நள்ளிரவை அண்டிய நேரத்தில் தலைமையகத்தின் நான்காம் மாடி யன்னலிலிருந்து கீழே விழுந்து இறந்தார். குற்றம் வெளிப்பட்டுவிட்டதால் தற்கொலை செய்துகொண்டார் என்று நகரப் பொலிஸ் தலைவர் மார்செல்லோ குயிதா பத்திரிகையாளரிடம் சொன்னார். முசோலினியின் காலத்தில் வெந்தொத்தேனே தீவில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாமுக்குப் பணிப்பாளராக இருந்தவர் இந்தக் குயிதா. பாசிசம் போயும் அதன் உத்தியோகத்தர் அதே கதிரைகளில் இருந்தனர் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1970 இல் நடந்த முதலாவது விசாரணை இம்மரணத்தைத் தற்செயலானது என்று சொல்லி மூடப்பட்டது. நாடகத்தின் தலைப்பிலுள்ள 'தற்செயல்' அங்கிருந்து வந்தது. 1975 இல் நீதவான் தம்ப்ரோசியோ வழங்கிய முடிவு இன்னும் விசித்திரமானது. கொலையுமல்ல, தற்கொலையுமல்ல, களைப்பினாலும் பதற்றத்தினாலும் உடல் நிலைகுலைந்து, தன் இயக்கத்தாலேயே யன்னலுக்கு வெளியே போய்விட்டது என்றார் அவர்.

பியெத்ரோ வல்ப்ரேதா என்ற இன்னொரு அராஜகவாதி, தொழிலால் நடனக் கலைஞர், வங்கிக் குண்டுக்காகக் கைதாகி மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவரைச் சேர்ந்த சிறு குழுவுக்குள் ஒரு பொலிஸ் உளவாளியும், அராஜகவாதியாக வேடமிட்ட ஒரு தீவிர வலதுசாரியும் இருந்தமை பின்னர் தெரியவந்தது. குண்டு வைத்தது வெனெத்தோ பிராந்தியத்தின் நவபாசிசக் குழு ஒன்று என்று இத்தாலியின் அதியுயர் நீதிமன்றம் 2005 இல் சொன்னது. ஆனால் அதன் தலைவர்களான பிராங்கோ ஃப்ரெதாவும் ஜியொவான்னி வெந்தூராவும் 1987 இல் இறுதியாக விடுதலையாகிவிட்டதால் அவர்களை மீண்டும் விசாரிக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 36 ஆண்டுகள் கழித்து உண்மை வந்தது. தண்டனை வரவில்லை.

3

ஃபோ இந்தச் சம்பவத்தை அது ஆறுமுன்னரே நாடகமாக்கினார். பினெல்லியின் மரணத்தோடு சம்பந்தப்படுத்தித் தன்னை எழுதியதற்காக இன்ஸ்பெக்டர் லூயிஜி கலப்ரேசி ஒரு பத்திரிகையின் மீது தொடுத்த மானநட்ட வழக்கு மிலான் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதில் வந்த வாக்குமூலங்கள் உடனுக்குடன் நாடகத்துக்குள் நுழைந்தன. சட்டச் சிக்கலைத் தவிர்க்க ஒரு சின்னத் தந்திரமும் இருந்தது. இது இத்தாலியில் நடந்த கதையல்ல, 1920 மே மாதம் நியூயோர்க்கில் விசாரணைக்கு வைக்கப்பட்டிருந்த கட்டடத்தின் 14ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்த அச்சுக்கோப்பாளர் அந்திரேயா சல்செதோவின் கதை என்று முன்னுரையில் சொல்லப்பட்டது. சல்செதோவும் இத்தாலியர், அவரும் அராஜகவாதி. அவர் விழுந்து இரண்டு நாள் கழித்துக் கைதானவர்களே, 1927 இல் மின்சாரக் கதிரையில் கொல்லப்பட்ட சாக்கோவும் வன்செத்தியும். தப்புவதற்காகச் செய்த தந்திரம் பிரதிக்கு ஒரு வரலாற்று ஆழத்தைக் கொடுத்துவிட்டது. ஒரு யன்னலுக்குப் பின்னால் இன்னொரு யன்னல் இருப்பதைப் பார்வையாளன் கண்டுகொள்கிறான்.

நாடகத்தின் மையம் ஒரு பைத்தியகாரன். வேடமிடுவதே அவனுடைய நோய். ஆள்மாறாட்டத்துக்காகப் பொலிஸில் பிடிபட்டவன், அங்கேயே மேல்நீதிமன்றத்திலிருந்து மறுவிசாரணைக்கு வந்த நீதவானாகத் தன்னை மாற்றிக்கொள்கிறான். அதன்பின் பொலிஸார் ஒவ்வொருவராக அவன் முன் தமது கதையைச் சொல்கிறார்கள். அவன் எதையும் மறுப்பதில்லை. உதவி செய்கிறான். உங்கள் கதையில் ஓட்டை இருக்கிறது, வாருங்கள் சேர்ந்து அடைப்போம் என்கிறான். அடைக்க அடைக்க ஓட்டை பெரிதாகிறது. டிசெம்பர் மாத மிலான் குளிரில் நள்ளிரவில் யன்னல் ஏன் திறந்திருந்தது? அம்புலன்ஸுக்கான அழைப்பு விழுவதற்கு முன்னரே ஏன் போனது? கைதியோடு சிநேகமாகத்தான் இருந்தோம் என்கிறார்கள் பொலிஸார். அப்படியானால் அவனோடு சேர்ந்து பாடியிருப்பீர்களே என்று கேட்டு, பழைய அராஜகவாதப் பாடல் ஒன்றைப் பொலிஸாரையே கோரஸாகப் பாட வைக்கிறான். முதலாவது அங்கம் அந்தப் பாட்டோடு முடிகிறது.

எல்லாவற்றிலும் உச்சம் சப்பாத்துக் கதை. விழும்போது காலைப் பிடித்துக் காப்பாற்ற முயன்றேன், சப்பாத்து மட்டும் கையில் வந்தது என்கிறான் ஒரு பொலிஸ்காரன். ஆனால் கீழே கிடந்த உடலில் இரண்டு சப்பாத்துகளும் இருந்தன. ஆகவே அராஜகவாதிக்கு மூன்று கால்கள் இருந்திருக்க வேண்டும். இது ஃபோ கற்பனையில் பிடித்த பகிடியல்ல. நிஜ வழக்கிலும் கையில் தங்கிய சப்பாத்துக் கதை பத்திரிகையில் வந்தது. ஃபோ செய்ததெல்லாம் எண்ணிப் பார்த்ததுதான்.

இங்குதான் இப்பிரதியின் கலை நுட்பம் இருக்கிறது. அங்கதம் என்றால் மிகைப்படுத்தல் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். ஃபோ மிகைப்படுத்தவில்லை. அரச அறிக்கையை வரிக்கு வரி நம்புகிறார். நம்புவதன் மூலமே அதனை உடைக்கிறார். எதிர்ப்பிலக்கியம் எழுதும் நமக்கு இதில் பாடம் உண்டு. நாம் அறிக்கையைத் திட்டுகிறோம். திட்டப்பட்ட அறிக்கை அப்படியே இருந்துவிடுகிறது. வாசித்துக் காட்டப்பட்ட அறிக்கைதான் நொறுங்குகிறது.

இன்னொன்றையும் அவதானிக்க வேண்டும். பைத்தியகாரனுக்குப் பொலிஸார் பணிவது அவன் சொல்வது நியாயம் என்பதற்காகவல்ல. அவன் மேலிடத்து ஆள் என்று நம்புவதனால். நீதவானாக, பின்னர் தடயவியல் நிபுணராக, கடைசியில் ஆயராக அவன் வேடம் மாற மாற அவர்களின் முதுகு வளைந்துகொண்டே போகிறது. அதிகாரம் என்பது ஓர் உடுப்பு, அதனைப் போட்டவன் யாரென்று எவரும் கேட்பதில்லை என்பதை எந்த அராஜகவாதத் துண்டுப் பிரசுரமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஃபோ அராஜகவாதியல்ல. கம்யூனிஸ்ட் கட்சிக்கு வெளியே இடப்பக்கமாக நின்ற இயக்கங்களுக்கு நெருக்கமானவர். ஆனால் அவருடைய நாடகத்தின் வடிவம் அவரை விடவும் அராஜகமானது.

4

ஆயினும் தலைப்பிலுள்ள மனிதன் எங்கே?

நாடகம் முழுவதும் அவனைப் பற்றியே பேசப்படுகிறது. அவன் பேசுவதில்லை. பொலிஸார் சொல்லும் அராஜகவாதி இருக்கிறான். பைத்தியகாரன் அபிநயிக்கும் அராஜகவாதி இருக்கிறான். புகையிரதத் தொழிலாளி என்பதும் அவனுடைய அலிபியும் விசாரணைக்குத் தேவையான அளவு வருகின்றன. அவன் எதை நம்பினான், எதற்காக அந்தச் சங்கத்தில் இருந்தான், யாருக்கு உதவினான் என்பவை வருவதில்லை. பிரதிக்குள் அவன் ஓர் உடல், ஒரு யன்னல், மூன்று சப்பாத்து.

பினெல்லியின் வாழ்க்கையை அறிந்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும். பாசிச எதிர்ப்புப் போரில் பதின்ம வயதிலேயே தூதுவனாக ஓடியவர் அவர். எல்லா மொழியினருக்கும் பொதுவான மொழி வேண்டுமென்று உருவாக்கப்பட்ட எஸ்பெரான்ரோவைக் கற்கப் போன வகுப்பில்தான் தன் மனைவி லிச்சாவைச் சந்தித்தார். வன்முறையை ஏற்காதவர். கடைசி ஆண்டில் அவருடைய பிரதான வேலை, சிறையிலிருந்த தோழர்களுக்கு உணவு, உடுப்பு, புத்தகம் அனுப்பி, சட்டத்தரணிகளையும் ஒழுங்குசெய்த 'கறுப்புச் சிலுவை' என்ற உதவிச் சங்கம். அந்தத் தோழர்கள் 1969 ஏப்ரலில் மிலானில் வெடித்த வேறு குண்டுகளுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். அந்தக் குண்டுகளையும் அவர்கள் வைக்கவில்லை என்று 1971 இல் விடுதலையானார்கள். அராஜகவாதி என்ற சொல்லுக்கு பினெல்லி தந்த பொருள் இதுதான்: சிறையிலிருப்பவனுக்குப் பார்சல் கட்டுவது. குரொபொத்கின் நூலாக எழுதிய பரஸ்பர உதவியை இவர் நூல் கட்டி அனுப்பினார்.

இன்னொரு தகவல். பினெல்லிக்கும் இன்ஸ்பெக்டர் கலப்ரேசிக்கும் முன்பே பழக்கம் இருந்தது. அரசியல் பிரிவுப் பொலிஸாருக்கும் அவர்களால் கண்காணிக்கப்படுபவர்களுக்கும் இடையில் இப்படியொரு விசித்திரமான உறவு வளர்வதுண்டு. இருவரும் புத்தகங்களைப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். பினெல்லி கொடுத்தது அமெரிக்கக் கவிஞர் எட்கர் லீ மாஸ்டர்ஸின் 'ஸ்பூன் ரிவர் தொகுதி'. 1915 இல் வெளிவந்த அந்நூலில் ஒரு சிற்றூரின் இறந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம் கல்லறையிலிருந்து எழுந்து தம் கதையைத் தாமே சொல்வார்கள். அவர்களில் ஒருவர் பத்திரிகையாசிரியர். சிக்காகோ அராஜகவாதிகள் தூக்கிலிடப்பட்ட நாளில் நீதியைப் பற்றி எழுதியதற்காக அவருடைய அச்சகம் நொறுக்கப்படுகிறது. பின்னாளில் கராரா நகரத்தில் அமைந்த பினெல்லியின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கவிதைதான்.

இறந்தவர்கள் பேசும் புத்தகத்தைப் பரிசளித்த மனிதன், தன்னைப் பற்றிய நாடகத்தில் பேசாமலிருக்கிறான். ஃபோவுக்கு இதற்கு நியாயம் உண்டு. இறந்தவனின் வாயில் சொற்களை வைப்பதைத்தானே பொலிஸார் செய்தார்கள். தானும் அதைச் செய்ய அவர் விரும்பியிருக்க மாட்டார். கண்ணீரைத் தவிர்த்துச் சிரிப்பை ஆயுதமாக்கியதும் தெரிந்தே எடுத்த முடிவு. எனினும் விளைவு ஒன்றுதான். பொலிஸுக்கு அராஜகவாதி ஒரு சந்தேகநபர். நாடகத்துக்கு அவன் ஒரு சாட்சிப்பொருள். இரண்டுக்குமிடையில் அவனுடைய சிந்தனை தொலைந்துவிடுகிறது. இந்நாடகத்தைப் பார்த்து வெளியே வருபவன் பொலிஸைச் சந்தேகிப்பான், ஆனால் அராஜகவாதத்தைப் பற்றி உள்ளே போகும்போது நினைத்ததையே நினைத்துக்கொண்டிருப்பான்.

நான் இதனை ஆங்கிலத்தில், வெவ்வேறு மொழிபெயர்ப்புகளில் வாசித்தேன். 1979 இல் லண்டனில் கவின் றிச்சட்ஸ் செய்த தழுவல் இக்குறையை இன்னும் பெரிதாக்குகிறது. அதில் இரண்டு முடிவுகள். குண்டு வெடிக்கப்போகிறது, பொலிஸார் விலங்கிடப்பட்டிருக்கிறார்கள், பெண் பத்திரிகையாளர் அவர்களைச் சாகவிடலாமா, காப்பாற்றலாமா என்பதே கேள்வி. மூலத்தில் பைத்தியகாரன் யன்னலால் விழுகிறான். அவனைப் போலவே தோற்றமுள்ள நிஜ நீதவான் உள்ளே வருகிறான். மூலம் அதிகாரத்தின் சுழற்சியைக் காட்டியது. தழுவலோ ஒரு தனிமனிதனின் மனச்சாட்சிச் சிக்கலோடு முடிகிறது. அதிலும் அராஜகவாதி கடைசியில் குண்டோடுதான் சேர்த்து நினைக்கப்படுகிறான்.

5

அராஜகவாதம் அரசியலில் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்குப் பொதுவாக ஒரு கோடு வரைந்து பதில் சொல்வார்கள். வலது, நடு, இடது. இடதின் கடைக்கோடியில் அராஜகவாதம். இந்த வரைபடம் எனக்குத் திருப்தி தரவில்லை. முதலாளிகளை எதிர்க்கும் விடயத்தில் அராஜகவாதி சோசலிஸ்ட்டுகளின் பக்கமே நின்றான்; 'சுதந்திர சோசலிஸம்' என்றே அவர்களில் பலர் தம் கொள்கையை அழைத்தனர். ஆனால் 1872 இல் ஹேக் நகரில் கூடிய முதலாம் அகிலம் பக்கூனினை வெளியேற்றியபோது எழுந்த பிரச்சினை எவ்வளவு தீவிரம் என்பதல்ல. புரட்சிக்குப் பிறகு அரசை யார் கையில் கொடுப்பது என்று மார்க்ஸ் கேட்டார். எந்தக் கையில் கொடுத்தாலும் அது பொல்லாகவே இருக்கும் என்றார் பக்கூனின். 1937 மே மாதம் பார்சலோனாவில் அராஜகவாதத் தொழிற்சங்கம் நடத்திவந்த தொலைபேசி நிலையத்தைக் கைப்பற்றப் பொலிஸ் படை அனுப்பப்பட்டபோது அதனை நடத்தி வந்த பொலிஸ் ஆணையாளர் கம்யூனிஸ்ட்டுகளின் கட்சியைச் சேர்ந்தவர். பக்கூனினின் பயம் வெறும் பயமல்ல.

ஆகவே அராஜகவாதத்தின் இடத்தை விசாரணை அறைக்குள்தான் நான் தேடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்பவன், இந்தப் பக்கம் பதில் சொல்பவன். எல்லா அரசியலும் அந்தக் கதிரைகளில் யார் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறது. அந்த மேசை ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்பது அராஜகவாதம் மட்டுமே. அதனால்தான் ஆட்சி எந்த நிறத்தில் இருந்தாலும் அவன் இந்தப் பக்கத்திலேயே இருத்தப்படுகிறான். அவனுக்காகப் பேச ஒரு கட்சியோ நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனமோ இல்லை என்பதும் பொலிஸாருக்கு வசதி.

அராஜகவாதிகள் குற்றமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 1900 இல் இத்தாலிய மன்னன் முதலாம் உம்பேர்த்தோவைச் சுட்டுக் கொன்ற கயெத்தானோ பிரெஷி அராஜகவாதிதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிலானில் பாண் விலை உயர்வை எதிர்த்தவர்களைப் பீரங்கியால் சுட்ட தளபதிக்கு அந்த மன்னன் விருது கொடுத்ததே தன் காரணம் என்றான் அவன். 1898 இல் ஜெனீவாவில் ஒஸ்திரிய மகாராணியைக் குத்திக் கொன்றவனும் தன்னை அராஜகவாதி என்றே சொல்லிக்கொண்டான். அதே ஆண்டின் முடிவில் ஐரோப்பிய அரசுகள் ரோமில் கூடி, அராஜகவாதிகளைக் கூட்டாகக் கண்காணிப்பது பற்றிப் பேசின. இன்றைய சர்வதேசப் பொலிஸ் ஒத்துழைப்பின் வேர்களில் ஒன்று அந்த மாநாடு. சிலர் செய்த கொலைகள் ஒரு சிந்தனையின் அடையாள அட்டையாக்கப்பட்டன. அதன் பிறகு குண்டு எங்கு வெடித்தாலும் கோப்பு தயாராக இருந்தது. பெயரை நிரப்புவது மட்டுமே மிச்சம். 1886 இல் சிக்காகோவில் தொழிலாளர் கூட்டத்தில் வெடித்த குண்டுக்காக நான்கு பேர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டனர். குண்டை எறிந்தவன் யாரென்று எந்த நீதிமன்றமும் நிறுவவில்லை. எஞ்சியிருந்த மூவருக்கு 1893 இல் மன்னிப்பளித்த ஆளுநர் அல்ட்கெல்ட் அந்த வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று எழுதி வைத்தார்.

ஃபோவின் நாடகம் பழைய கதை என்று சொல்பவர்களுக்கு 2001 ஜூலையில் ஜெனோவாவில் நடந்தது பதில். ஜி8 மாநாட்டை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் கூடினர். கறுப்பு உடுப்பணிந்த சிலர் கண்ணாடிகளை உடைத்தனர். கார்லோ ஜூலியானி என்ற 23 வயது இளைஞன் ஆயுதப் பொலிஸ்காரன் ஒருவனால் சுடப்பட்டு இறந்தான். மறுநாள் இரவு, ஆர்ப்பாட்டக்காரர் தங்கியிருந்த தியாஸ் பாடசாலைக்குள் பொலிஸார் புகுந்து, படுத்திருந்தவர்களை அடித்து நொறுக்கி 93 பேரைக் கைதுசெய்தனர். உள்ளே கண்டெடுத்ததாகக் காட்டப்பட்ட இரண்டு பெற்றோல் குண்டுகள் பொலிஸார் தாமே கொண்டுபோய் வைத்தவை. மூன்றாவது சப்பாத்தின் பேரப்பிள்ளைகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

6

நாடகத்தில் பைத்தியகாரன் முன்வைக்கும் ஒரு வாதம் இருக்கிறது. பொலிஸின் குற்றம் அம்பலமாவதால் அரசுக்குக் கேடில்லை, நன்மைதான் என்கிறான் அவன். சனங்கள் நியாயம் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அம்பலத்தைக் கொடுத்தால் கோபப்பட்டு, பேசி, ஏப்பம் விட்டு, வயிறு இலேசாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஃபோ தன் நாடகத்துக்குள்ளேயே தன் நாடகத்தைச் சந்தேகித்த இடம் இது. தன் ஆற்றுகைகளின் முடிவில் பார்வையாளரோடு விவாதம் நடத்தி அதனை 'மூன்றாவது அங்கம்' என்று அவர் அழைத்ததும் இந்தப் பயத்தினால்தான். சிரித்துவிட்டு எழுந்து போக அவர் விடவில்லை.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் பைத்தியகாரனை உறுதிப்படுத்தின. பியாட்சா ஃபொந்தானாவின் உண்மை 2005 இல் வந்தது. தியாஸ் பாடசாலை விவகாரத்தில் உயர் பொலிஸ் அதிகாரிகளின் மீதான குற்றத்தீர்ப்பு 2012 இல் உறுதியானது, ஆனால் அது பெரும்பாலும் பொய்ப் பத்திரம் தயாரித்ததற்காக. அங்கே நடந்தது சித்திரவதை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015 இல் சொன்னது. சித்திரவதையைக் குற்றமாக்கும் சட்டம் இத்தாலிக்கு 2017 இல்தான் வந்தது. 2009 இல் ஜனாதிபதி நப்பொலித்தானோ பினெல்லியின் மனைவியை மாளிகைக்கு அழைத்து, பினெல்லியும் ஒரு பலியாளே என்று ஏற்றுக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்த வார்த்தைகளின் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். ஆனால் யன்னல் ஏன் திறந்திருந்தது என்ற கேள்விக்கு அங்கும் பதில் சொல்லப்படவில்லை.

அதே நாளில் அதே மாளிகைக்கு அழைக்கப்பட்டிருந்தவர் கலப்ரேசியின் மனைவி. நாடகத்தில் ஸ்போர்ட்ஸ் ஜக்கெற் அணிந்த, பெயர் சொல்லப்படாத இன்ஸ்பெக்டராக வருபவரின் மனைவி. நாடகம் மேடையேறிக்கொண்டிருந்த அடுத்த ஆண்டில், இத்தாலியின் நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களும் அறிஞர்களும் கலப்ரேசியைக் குற்றஞ்சாட்டிய பகிரங்கக் கடிதத்தில் ஒப்பமிட்டனர். 1972 மே 17ஆம் திகதி அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பினெல்லி விழுந்த நேரத்தில் கலப்ரேசி அந்த அறைக்குள் இருக்கவில்லை என்று 1975 ஆம் ஆண்டின் முடிவு கூறியது. கடிதம்தான் துப்பாக்கி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விசாரணை முடியுமுன்னே ஒரு பெயரின் மீது குற்றத்தை எழுதி ஒட்டும் பழக்கம் பொலிஸிடமிருந்து எழுத்தாளருக்கும் தொற்றிக்கொள்ளும் என்பதை நாம் பார்க்காமலிருக்க முடியாது. நாடகம் இந்த இடத்தில் கடிதத்தை விட நேர்மையானது. அது ஓர் ஆளைக் குறிவைத்ததை விட ஒரு நாற்காலியையே அதிகம் குறிவைத்தது. பைத்தியகாரன் விழுந்த பிறகும் நிஜ நீதவான் கதவைத் தட்டுகிறானே, அந்தக் கடைசிக் காட்சி சொல்வது அதைத்தான். ஆளை அகற்றினாலும் மேசை இருக்கும்.

அம்பலப்படுத்துவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கும் இலக்கியம் ஏப்பத்தோடு முடிந்துவிடும். நம் எதிர்ப்புக் கவிதைகளில் பாதி, என்ன நடந்தது என்று சொல்லி, யார் செய்தார் என்று சுட்டி, ஓய்ந்துவிடுகின்றன. செத்தவன் என்ன நினைத்து வாழ்ந்தான் என்று கேட்பதில்லை. ஃபோ நமக்குக் கற்றுத்தருவது அறிக்கையை எண்ணிப் பார்க்கும் கலையை. அதனைக் கட்டாயம் கற்க வேண்டும். அவர் விட்டுவிட்ட வேலை ஒன்றும் இருக்கிறது. சிறைக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்த புகையிரதத் தொழிலாளியை, அவன் விழுந்த யன்னலைக் கொண்டல்லாமல் அவன் கட்டிய பார்சல்களைக் கொண்டு எழுதுகிற வேலை. அந்த நாடகம் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.